பொன்மலையில் நான்கு கிறிஸ்துமஸ் தாத்தாக்கள்

நவம்பர் 24, ஞாயிறு

அப்பா இன்று விசில் அடித்தார்.

இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன். பரணில் அப்பாவின் தகரப் பெட்டிக்குள் எழுதாத ஸ்டேஷன் டைரி ஒன்று கிடந்தது. நேரம், விவரம், கையொப்பம் என்று பக்கத்துக்கு மூன்று கட்டம். கையொப்பக் கட்டத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. காலியாகக் கிடக்கட்டும்.

விவரம்: என் அப்பா மரியசூசை, எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், காலை எட்டேகாலுக்கு குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசில் அடித்தார். மெட்டு எதுவும் இல்லை. ஆனாலும் விசில்தான்.

இது ஏன் செய்தி என்றால், எங்கள் வீட்டில் சத்தம் கிடையாது. அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள் இரவுப் பணி இருந்தது. பகலில் தூங்குவார். அவர் பகலில் தூங்கினால்தான் இரவில் இரண்டு ரயில் மோதாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஆகவே நானும் தம்பி பெலிக்ஸும் கிசுகிசுத்தே வளர்ந்தோம். குக்கர் விசில் வரும் நேரம் பார்த்து அம்மா ஈரத்துணியோடு நிற்பாள். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓட வேண்டும். மீறினால் உள்ளறையிலிருந்து பெல்ட் வரும், பெரும்பாலும் பெலிக்ஸுக்கு. நான் கல்லூரி நூலகர் ஆனதில் பொன்மலையில் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. இருந்திருந்தால் இன்று ஈரத்துணியோடு குரோட்டன்ஸ் செடிக்கு ஓடியிருப்பாள்.

நவம்பர் 27, புதன்

அப்பா என்னைக் 'குட்டி' என்று கூப்பிட்டார்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதியது போல 'எமில்டா மேரி' என்று முழுசாகத்தான் நாற்பத்தாறு வருடமும் அழைத்திருக்கிறார். இன்று காலை, வெகு சாதாரணமாக, "குட்டி, இன்னும் ரெண்டு தோசை போடு."

தோசை கருகிவிட்டது. அடுத்ததும் கருகியது. நூலகத்தில் பதினெட்டுப் புத்தகங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தேதியாக நேற்றைய தேதியைக் குத்திவிட்டேன். பிள்ளைகள் வாங்கும்போதே தாமதமாகிவிட்டார்கள். ஒருத்தி வந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நூலகர் சிரிப்பதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை போல. மெதுவாகப் பின்னால் நகர்ந்து போனாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பித்தோம். வைக்கோல், சாக்கு, ரம்பத்தூள். அப்பா முன்பெல்லாம் குடிலுக்கு அளவுகோல் வைத்துக் கோடு போடுவார். மூன்று ராஜாக்களுக்கு நடுவே சம இடைவெளி இருக்க வேண்டும். இந்த வருடம் ஒட்டகத்தைக் கூரைமேல் ஏற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன். அங்கிருந்து பார்த்தால்தான் வழி தெரியுமாம். சரிதானே?

ஓசூரிலிருந்து பெலிக்ஸ் பேசினான். கூரைமேல் ஒட்டகம் என்றேன், குட்டி என்றேன், விசில் என்றேன். எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிறகு, "அக்கா, நீ ஆள மாத்திக் கூட்டிட்டு வந்துட்ட. நல்லாப் பாரு," என்றான்.

அவனுக்குப் பொறாமை.

டிசம்பர் 3, செவ்வாய்

ரயில்வே கார்டாக இருந்த லாரன்ஸ் மாமா தவறிவிட்டார். அப்பாவோடு வேலை பார்த்தவர். தாமதத்துக்குப் பேர் போனவர். அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்கும்போது அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னைக்குத்தாண்டா லாரன்ஸ் ரைட் டைம்ல கிளம்புறான்," என்று சொல்லிக் கை தட்டினார்.

பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பாதியை நான் பார்க்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

இன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். அப்பா தானாகவே பெலிக்ஸைத் தொலைபேசியில் அழைத்தார். நான் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். "டேய், உன்னை பெல்ட்டால அடிச்சது தப்புடா. சின்னப் பையன நான் அப்படி அடிச்சிருக்கக் கூடாது." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

பெலிக்ஸ் உடனே என்னை அழைத்தான். மூக்கை மட்டும் உறிஞ்சினான். நானும் உறிஞ்சினேன். இருவரும் பத்து நிமிடம் உறிஞ்சிக்கொண்டிருந்தோம், அலைபேசிக் கட்டணத்துக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

அரைமணி கழித்து அப்பா மறுபடி அவனை அழைத்தார். "டேய், உன்னை பெல்ட்டால அடிச்சது தப்புடா. சின்னப் பையன நான் அப்படி அடிச்சிருக்கக் கூடாது."

சாப்பிட்ட பிறகு மறுபடி.

பெலிக்ஸ் டாக்டரிடம் காட்டணும் என்று ஏதோ ஆரம்பித்தான். ஒரு மனிதர் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டால் டாக்டரிடம் காட்டுவார்களா, ஒரு தடவைகூடக் கேட்காதவரை அல்லவா காட்ட வேண்டும் என்றேன். நன்றாகத்தான் பதில் சொன்னேன். ஆனால் தாளிப்பை மறந்துபோனேன். ரசத்தில் கடுகு இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா பாடற்குழுவோடு கேரல்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 22ஆம் தேதி, மூன்று மணிக்குக் கிளம்பி தெருத்தெருவாகப் போய் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, வாலிபர்களெல்லாம் வெட்கப்படுகிறார்கள் என்று. அப்பா நடுவில் புகுந்து கையைத் தூக்கினார்.

கோவில் வாசலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மரியசூசை சார் கேரல்ஸ் குழுவுக்குக் கதவைத் திறந்ததே கிடையாது. மணியடித்தால் ஜன்னல் வழியாகப் பத்து நிமிடம் அனுமதி தருவார், அதிலும் மேளம் கூடாது. அந்த சார் இப்போது வாசலிலேயே இடுப்பில் கை வைத்து ஆடிக் காட்டினார். இடது கையில் பச்சைக்கொடி, வலது கையில் சிவப்புக்கொடி, மாறி மாறி. கொடி இல்லாமலே கொடி தெரிந்தது.

"குட்டியும் பாடுவா," என்றார். என்னைத்தான்.

பாடுவேனா? எனக்கே தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

பேக்கரியில் அப்பா பக்கத்து மேசைக்காரர் தட்டிலிருந்த பப்ஸை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். அந்த மனிதருக்கு வேறு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் பசி, அவ்வளவுதான். நான் வாங்கி வரத் தாமதமாகிவிட்டது.

ரோஸ்லின் அக்கா கூட இருந்தார். ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவர். வீடு வரை கூடவே வந்தார். வாசலில் நின்று, "எமில்டா, திடீர்னு கெட்டவனா மாறின மனுசன வார்டுல பாத்திருக்கேன். திடீர்னு நல்லவனா மாறினவங்களையும் பாத்திருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர்தான்," என்றார்.

கிறிஸ்துமஸ் முடியட்டும்க்கா என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

மூளை நோய்கள் அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து முப்பத்தொன்பதாம் பக்கம் வரை படித்தேன். திருப்பி வைக்கும்போது பூக்கும் தாவரங்கள் அடுக்கில் வைத்துவிட்டேன். தவறுதலாக. இருபத்திரண்டு வருட வேலையில் முதல் தடவை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒத்திகை. பாடினேன். முதல் வரியைக் கிசுகிசுத்தேன். ரோஸ்லின் அக்கா கையால் மேலே மேலே என்று காட்டினார். மேலே போனேன். எனக்குள் இவ்வளவு பெரிய குரல் இருப்பதை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த ஜூடியம்மா காதைத் தேய்த்துக்கொண்டார். அப்பா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து விசில் அடித்தார். ஃபாதர் எட்டிப் பார்த்தார். அப்பா அவருக்கும் ஒன்று அடித்தார்.

வீடு திரும்பும்போது குதித்துக் குதித்து நடந்தேன். எனக்கு மூட்டுவலி உண்டு. இன்று இல்லை.

டிசம்பர் 18, புதன்

கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் பொரித்தோம். எண்ணெய் தெறித்து என் இடது கையில் பட்டது. அப்பா சிரித்தார். தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கொப்புளம் எழும்பியது. அப்பா அதைப் பார்த்து, "பூரி மாதிரி வருது," என்று இன்னும் சிரித்துவிட்டு, சூடாக ஒரு கை கல்கல் அள்ளிக்கொண்டு போனார்.

நகைச்சுவை உணர்வு சமயம் பார்த்து வராது.

வீட்டுச் சாவி ஒன்று காணவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். குட்டியானை வண்டியில் ஜெனரேட்டர், ஸ்பீக்கர், ஆளுயர நட்சத்திரம். பின்னால் இருபது பிள்ளைகள், மேளம், நாங்கள். அப்பாவுக்குச் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, ரோஸ் கன்னம் வைத்த பிளாஸ்டிக் முகமூடி, எல்லாம் வாடகை. என் வேலை மிட்டாய்ப் பையும் அப்பா கையும்.

அப்பா ஆடினார் பாருங்கள். மாடியிலிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். அந்தப் பச்சைக்கொடி சிவப்புக்கொடி ஆட்டத்தைப் பிள்ளைகள் அரைமணியில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். முகமூடிக்குள் யார் என்று தெரிந்தபோது பழைய ரயில்வேக்காரர் ஒருவர் வாசல்படியில் உட்கார்ந்தே விட்டார். இவர் முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லம்மா என்றார். நான் பாடினேன். தொண்டை கிழியப் பாடினேன்.

மார்க்கெட் முனையில் எதிரே இன்னொரு கோவிலின் கேரல்ஸ் வந்தது. அவர்களுக்கும் ஒரு தாத்தா. அதே கடை, அதே வாடகை அங்கி, அதே ரோஸ் கன்னம். இரண்டு மேளமும் போட்டி போட்டன. இரண்டு தாத்தாவும் எதிரெதிரே நின்று ஆடினார்கள். போக்குவரத்து நின்றது, யாரும் திட்டவில்லை. பத்து நிமிடம் கழித்து வண்டிகள் பிரிந்தன. நான் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று தெரு நடந்தேன். கொடி ஆட்டம் நின்றிருந்தது. களைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, முகமூடி போட்ட முகம் வேறு. ஆகவே அவர் காதருகே பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்பதை எழுதப் போவதில்லை.

கொஞ்சம் எழுதுகிறேன். இந்த டிசம்பர் போல எனக்கு ஒரு மாதம் வாய்த்ததே இல்லை என்றேன். முப்பத்தொன்பதாம் பக்கம் வரை படித்ததைச் சொன்னேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ஒரே ஒரு தடவ சொல்லிடுங்கப்பா. நான் எந்த டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்," என்றேன். அவர் என் கையை அழுத்தினார். அந்த அழுத்தத்தில் நான் அடுத்த பாட்டை ஒரு கட்டை மேலேயே எடுத்துவிட்டேன்.

அடுத்த வீட்டில் டீ கொடுத்தார்கள். தாத்தா முகமூடியைத் தூக்கினார். உள்ளே கத்தை மீசை வைத்த, நாற்பது வயது மனிதர் இருந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. எம் பேரு டேனியல், ஆட்டோ ஓட்டுறேன். முதல் தெருவுலயே சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க அழுதுட்டே வந்தீங்களா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல." டீயை ஒரு வாய் குடித்தார். "எதுக்கும் அப்பாவ டாக்டர்கிட்ட காட்டிருங்க மேடம்."

மார்க்கெட் முனையில் நான் தாத்தாவை மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் தாத்தா அவர்களோடு போய்விட்டார். அவர்களைப் பிடித்துக் கேட்டால், தங்கள் தாத்தா திடீரென்று நன்றாக ஆடுகிறாரே என்று சந்தோஷப்பட்டார்களாம். ஆனால் இரண்டு தெரு தாண்டியதும் ஊர்வலத்திலிருந்து விலகிப் போய்விட்டாராம்.

டேனியலின் ஆட்டோ பக்கத்துச் சந்தில் நின்றது. வேஷத்தைக் கழற்ற நேரமில்லை. ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா ஆட்டோ ஓட்ட, பின்னால் நான் மிட்டாய்ப் பையோடு, இன்னொரு கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தேடிப் போனோம். நான்கு ரோடும் சிரித்தது. இன்று பொன்மலையில் மொத்தம் நான்கு கேரல்ஸ். மூன்றாவது தாத்தாவின் முகமூடியைத் தூக்கினேன், சண்டைக்கு வந்தார். நான்காவது தாத்தாவின் முகமூடியைத் தூக்கினேன், அது ஒரு பெண். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, எனக்கு மட்டும் அது நிற்கவில்லை. டேனியல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. மணி ஐந்தரை. வேலையில் இருந்த நாளில் அப்பாவின் மாலைப் பணி நான்கு மணிக்குத் தொடங்கும்.

ஸ்டேஷனுக்கு விடுங்க என்றேன்.

பணியிலிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் இளம்பெண், பெயர் கார்குழலி. அவர் அறையில், சுவரோர நாற்காலியில், முகமூடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாலு இருபதுக்கு வந்தாராம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாராம். கேரல்ஸ் என்று நினைத்துச் சில்லறை தேடியிருக்கிறார் கார்குழலி. அப்பா எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்த லைன் காலி என்று வரிசையாகக் கேட்டதும் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாராம்.

"வீட்டுக்குப் போங்க சார்னு எவ்வளவோ சொன்னேன். ரிலீவர் வராம எப்படிம்மா போறதுன்னு கேக்குறாரு. ரூல் அதுதானே," என்றார்.

அது உண்மைதான். ஸ்டேஷன் மாஸ்டர் பணி முடிந்தாலும் எழுந்து போக முடியாது. அடுத்தவர் வர வேண்டும். இன்னின்னது இந்த நிலையில் ஒப்படைக்கிறேன் என்று இவர் டைரியில் எழுத வேண்டும், ஏற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அறையை விட்டு நகரக் கூடாது. நான் பிறந்த அன்று ரிலீவர் வரவில்லை என்று அப்பா ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் வந்து என்னைப் பார்த்தார். அம்மா அதைக் கடைசி வரை சொல்லிக் காட்டினாள்.

கார்குழலி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா எழுதினார். அந்தப் பெண் அதற்குக் கீழே ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அப்பா தாளை வாங்கிப் பார்த்தார்.

"நேரம் போடல."

"சாரி சார்." 5.52 என்று போட்டார்.

அப்பா எழுந்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். "எமில்டா மேரி, இங்க என்ன வேலை? ஸ்டேஷனுக்கு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல."

பழைய குரல். என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அந்தக் குரலுக்கு நான் ஏங்கியிருக்கிறேன் என்பது, கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஆட்டோவில் அப்பா, ஓட்டுகிற தாத்தாவின் சிவப்புத் தொப்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார். "நீங்க எந்த ஸ்டேஷன்?"

"எடமலைப்பட்டிப்புதூர் ஆட்டோ ஸ்டாண்ட் சார்," என்றார் டேனியல்.

டிசம்பர் 23, திங்கள்

விடுமுறையில் நூலகத்தைத் திறக்கச் சொல்லி, பூக்கும் தாவரங்கள் அடுக்கிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நாற்பதாம் பக்கத்திலிருந்து.

டிசம்பர் 25, புதன்

பெலிக்ஸ் வந்திருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா எதிரே போய் நின்றார். "டேய், உன்னை பெல்ட்டால அடிச்சது தப்புடா." பெலிக்ஸ் அப்பாவைக் கட்டிக்கொண்டான். "நாலாவது தடவதான்ப்பா எனக்குச் சரியாக் கேட்டுச்சு," என்றான்.

அப்பா அதற்குள் அவன் பையில் கேக் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்திருந்தார்.

கூரைமேலிருந்த ஒட்டகத்தைப் பெலிக்ஸ் கீழே இறக்கி வைத்தான். நான் மறுபடி மேலே ஏற்றினேன். அவன் இறக்கினான். இருவரும் ஐம்பதை நெருங்குகிறோம். மத்தியானம் மூவரும் சத்தமாகச் சாப்பிட்டோம். குக்கர் ஐந்து விசில் அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அப்பா அவருடைய கம்மலைப் பாராட்டினார், மேசைமேலிருந்த மிட்டாய்க் கிண்ணத்தைக் காலி செய்தார். கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரைந்தார். எண்கள் எல்லாம் ஒரு பக்கமாகக் கூட்டமாக நின்றன, டிக்கெட் வரிசை போல. முப்பத்தாறு வருடம் நிமிடத்தை வைத்துப் பிழைத்தவர்.

எப்போதிலிருந்து மாற்றம், என்னென்ன, தேதி நினைவிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். பெலிக்ஸ் உதட்டைப் பிதுக்கினான். நான் பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். டாக்டருக்கு ஆச்சரியம். இவ்வளவு துல்லியமாக யாரும் குறித்துக்கொண்டு வருவதில்லை என்றார். நான் குறித்தது இதற்காக இல்லை என்று சொல்லவில்லை.

படித்தேன். நவம்பர் 24, விசில். டாக்டர் எழுதிக்கொண்டார். டிசம்பர் 3, அடக்கத்தில் நகைச்சுவை. எழுதிக்கொண்டார். டிசம்பர் 5, ஒரே மன்னிப்பு மூன்று தடவை. எழுதிக்கொண்டார். பப்ஸ். கொப்புளம். இந்தக் கொப்புளத்தைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். ஆட்டம், நான்கு மணிப் பணி. இந்த வருடத்தில் நான் சிரித்த நாள் ஒன்றுகூட விடாமல் அவருடைய தாளில் வரிசையாக ஏறியது.

எல்லாவற்றையும் படித்தேன். நவம்பர் 27 மட்டும் படிக்கவில்லை. குட்டியை நான் தரவில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி சுருங்கினால் குணம்தான் முதலில் மாறும், மறதி பிறகுதான் வரும் என்றார். ஸ்கேன் எடுத்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன் என்றார். உறுதியாகச் சொல்லும் முகத்தோடுதான் சொன்னார். குணமாக்க முடியாது, துணையாக இருக்க முடியும் என்றார்.

திரும்பும் வழியில் அப்பா, "என்னடா சொன்னாங்க?" என்று கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெலிக்ஸ்தான், "சிக்னல் கொஞ்சம் கோளாறாம்ப்பா," என்றான்.

அப்பா சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு, "சிக்னல் போச்சுன்னா வண்டிய நிறுத்திட மாட்டோம்டா. டிரைவர் கையில சீட்டு எழுதிக் குடுத்து மெதுவா அனுப்புவோம். எறும்பு மாதிரி போகும். ஆனா போயிரும்," என்றார்.

அடுத்து போண்டா வேண்டும் என்றார். வாங்கினோம்.

ஜனவரி 1, புதன்

பூசையிலிருந்து வந்ததும் அப்பா என் மேசையிலிருந்த இந்த டைரியை எடுத்துக்கொண்டார். அதைத் தரச் சொன்னேன். "இது ரயில்வே சொத்து. நீ எப்படி எழுதலாம்?" என்றார். சரிதான். பெலிக்ஸ் ஊருக்குக் கிளம்பப் பை அடுக்கிக்கொண்டிருந்தான், நான் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்து அளவுகோல் கேட்டார். முக்கால் மணி நேரம் எழுதினார். விசில் இல்லை, சிரிப்பு இல்லை. இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். இரண்டு தடவையும் கையால் மறைத்துக்கொண்டார்.

பிறகு கூப்பிட்டார். கோடு போட்ட பக்கம். சின்ன, நேரான, பழைய கையெழுத்து. கடைசியில் மட்டும் வரிகள் கொஞ்சம் கீழே இறங்குகின்றன. அப்படியே இங்கே, நான் எழுதுவதற்கு முன்னால், அவர் கையெழுத்தில் இருக்கிறது:

*கீழ்க்கண்டவை இன்று ஒப்படைக்கப்படுகின்றன.*

*வீட்டுச் சாவி 3. ஒன்று காணவில்லை, தேடப்படுகிறது.*

*கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி 1. வாடகை. கடையில் திருப்பிக் கொடுக்கவும்.*

*குரோட்டன்ஸ் செடி 6. தினம் தண்ணீர்.*

*மகன் பெலிக்ஸ் 1. பேசியாயிற்று.*

*சிக்னல் கோளாறு உள்ளது. எனக்கே தெரிகிறது, சில நாள். வண்டி நிறுத்தப்படவில்லை.*

*குட்டி (எமில்டா மேரி) 1. நல்ல நிலையில் உள்ளது.*

*மரியசூசை.*

கடைசிக்கு முந்தைய வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. இரண்டு பெயரும் ஒரே கையெழுத்தில், ஒரே வரியில், ஒன்று அடைப்புக்குள். சமையலறையில் கேசரி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. பெலிக்ஸ் ஓடினான்.

அப்பா பேனாவை நீட்டினார். நவம்பரிலிருந்து காலியாகக் கிடந்த கையொப்பக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் டைரியைத் திருப்பித் தன் பக்கம் வைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகம் சுருங்கியது.

"நேரம் போடு, குட்டி."

10.42.